சாட்சி உடம்பு

திங்கட்கிழமை காலையில் எடை பார்க்கும்போது தாலிச் சங்கிலியைக் கழற்றி வைத்துவிடுவேன். அது முப்பத்திரண்டு கிராம். கண்ணாடி, கொண்டை ஊசி நான்கு, வளையல் இரண்டு எல்லாம் கட்டிலில் கிடக்கும். மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டுத்தான் மிஷின் மேல் ஏறுவேன். காற்றுக்கு எடை உண்டா என்று என் கணவர் பெனட் ஒருமுறை கேட்டார். "உங்களுக்கு இல்ல அத்தான், எனக்கு உண்டு" என்றேன்.

அவர் கதவுக்கு வெளியே நின்றுதான் கேட்பார். கல்யாணமான நாளிலிருந்து வீட்டு மிஷினில் நான் நிற்கும்போது யாரையும் அறைக்குள் விட்டதில்லை. மகள் கெசியாவுக்கு மட்டும் அனுமதி உண்டு.

எட்டு வருடத்துக்கு முன்னால் நான் நூற்று நாற்பத்திரண்டு கிலோ. இரைப்பையில் முக்கால் பாகத்தை வெட்டி எடுத்தார்கள். ஒன்றரை வருடத்தில் நாற்பத்தைந்து கிலோ இறங்கியது. பாளையங்கோட்டையில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாம் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். பிறகு ஒரு திங்கட்கிழமை தொண்ணூற்றேழில் நின்றது. நின்றது நின்றதுதான். சோற்றை விட்டேன். முட்டையின் வெள்ளைக்கருவையும் வெள்ளரிக்காயையும் தின்று மைதானத்தை ஆறு சுற்று சுற்றினேன். ஒரு கிலோ இறங்கும், அடுத்த வாரம் திரும்பி வந்து உட்காரும். "ஆபரேஷன் பண்ணியும் இப்படி இருக்கான்னா, ஒளிச்சு வச்சுத் திங்கா போல" என்று கோயில் வாசலில் பேசியது என் காதிலேயே விழுந்தது.

எனக்காக என்றால் அதோடு விட்டிருப்பேன். தொண்ணூற்றேழு கிலோவோடு மனுஷி வாழலாம். படி ஏறினேன், பத்திர எழுத்தர் அலுவலகத்தில் டைப் அடித்தேன், ஆட்டோவில் இன்னொருவருக்கும் இடம் கொடுத்து உட்கார்ந்தேன். ஆனால் கெசியாவுக்குக் கல்லீரல் தேவைப்பட்டது.

பிறந்தபோதே பித்தக் குழாய் சரியில்லாத பிள்ளை. ஒட்டுப்போட்டு ஓட்டிப் பதினோரு வயது வரை கொண்டுவந்துவிட்டோம். அதற்கு மேல் அந்தக் கல்லீரல் ஓடாது என்று சொல்லிவிட்டார்கள். பெனட்டுக்குச் சின்ன வயதில் வந்த மஞ்சள் காமாலைக் கிருமி ரத்தத்திலேயே தங்கிவிட்டதால் அவர் கொடுக்க முடியாது. என்னுடையது எல்லா விதத்திலும் பொருந்தியது, ஒன்றைத் தவிர. அதில் கொழுப்பு படிந்திருந்தது. எண்பத்தெட்டு கிலோவுக்குக் கீழே வந்தால்தான் கத்தி வைப்பார்கள். பொதுப் பட்டியலில் கெசியாவுக்கு முன்னால் இருநூறு பேர்.

அப்படித்தான் மதுரையில் டாக்டர் நப்பின்னையைப் பார்க்கப் போனோம். சின்ன உருவம், பெரிய குரல். என் ஆறரை வருடக் கணக்கைப் படித்துவிட்டு என்னைத் திட்டாத முதல் டாக்டர் அவர்தான்.

"உங்க உடம்பு உங்களுக்கு எதிரி இல்ல ஹெப்சிபா. அது ஒரு பயந்தாங்கொள்ளி. நாப்பத்தஞ்சு கிலோ போனதை அது ஆபரேஷன்னு நினைக்கல, பஞ்சம்னு நினைச்சுக்கிட்டு இருக்கு. கதவைப் பூட்டிட்டு உள்ள உக்காந்துடுச்சு. நீங்க கம்மியா சாப்பிடச் சாப்பிட அதுவும் கம்மியா செலவு பண்ணுது."

"பஞ்சம் இல்லன்னு அதுகிட்ட யாரு சொல்லுவா?" என்றேன்.

"நீங்க சொன்னா நம்பாது. இன்னொரு உடம்பு சொன்னா நம்பும்."

புளியங்கொட்டை அளவில் இரண்டு மின்சில்லுகள் என்று விளக்கினார். ஒன்று என் நெஞ்செலும்புக்குக் கீழே, மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்பின் பக்கத்தில். இன்னொன்று வேறொருவரின் உடம்பில் அதே இடத்தில். அந்த ஆள் வயிறாரச் சாப்பிட்டால் அந்த நிறைவு என் மூளையின் அடித்தட்டுக்குப் போகும். எனக்கு ஒன்றும் தெரியாது, என் பசி பசியாகவே இருக்கும். ஆனால் மூளையோ, நாடு செழிப்பாக இருக்கிறது என்று நம்பிக் கதவைத் திறக்கும். அந்த இன்னொரு ஆளுக்குச் சாட்சி என்று பெயர்.

சாட்சி ரத்த உறவாகவோ கல்யாண உறவாகவோ இருக்க வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. அதற்கு முன்னால் வசதியானவர்கள் வீட்டில் டிரைவரையும் சமையல்காரியையும் சாட்சியாக வைத்து, வேளாவேளைக்குத் திணித்துத் திணித்து, முதலாளியம்மா மெலிய வேலைக்காரர்கள் சர்க்கரை வியாதியில் விழுந்தார்கள். இன்னொரு சட்டமும் உண்டு. சாட்சியின் உடம்பு சொல்லும் செய்தியை அவர் கையெழுத்து இல்லாமல் டாக்டர்கூடத் திறந்து பார்க்க முடியாது. எவனோ ஒருவன் தன் பெண்டாட்டி எங்கே, எப்போது, என்ன சாப்பிட்டாள் என்று அதை வைத்தே வேவு பார்த்த பிறகு வந்த சட்டம்.

எனக்கு யார் சாட்சி? பெனட்தான். மின்சார வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர், அறுபத்தோரு கிலோ. கோழி கொத்துகிற மாதிரி சாப்பிடுகிறவர். என் தலையெழுத்தை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது.

"மூணு வேளை. வயிறு நிறைய. நேரத்துக்கு. ஒரு வேளைகூட விடக் கூடாது சார்" என்றார் டாக்டர். பெனட் அதைச் சட்டைப்பை நோட்டில் எழுதிக்கொண்டார்.

பிப்ரவரியில் சில்லு வைத்தார்கள். மார்ச் முதல் திங்கட்கிழமை மிஷின் தொண்ணூற்றாறு காட்டியது. சங்கிலியைப் போடக்கூட மறந்து கெசியாவைக் கூப்பிட்டேன். அவள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு கட்டம் போட்ட தாளை ஒட்டி, வாரா வாரம் பென்சிலால் புள்ளி வைத்தாள். எண்பத்தெட்டில் அடிக்கோல் வைத்து ஒரு சிவப்புக் கோடு. அவள் கண் மஞ்சளாகி, உடம்பெல்லாம் அரிப்பில் கீறிக்கொண்டு, முழங்கை குச்சியாகிவிட்டிருந்தது. ஆனால் வாய் மட்டும் குறையவில்லை.

"அப்பா, அம்மாவுக்காக இன்னொரு பூரி."

"முடியல மக்கா."

"நீங்க சாப்ட்டாத்தான் அம்மா மெலிவா. அம்மா மெலிஞ்சாத்தான் எனக்கு ஈரல். எனக்காக இன்னொரு பூரி."

அவர் சாப்பிட்டார். நான் அரைக் கிண்ணம் கஞ்சியை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். கெசியாவுக்கு உப்பில்லாத இட்லி, அதிலும் பாதி வாந்தி. மூன்று பேர் உட்காரும் மேசையில் ஒருவர் மட்டும் வயிறு முட்டச் சாப்பிட வேண்டும் என்றால் அந்த ஒருவருக்கு அது எப்படி இறங்கும் என்று நான் அப்போது நினைத்துப் பார்க்கவே இல்லை. புள்ளி இறங்குகிறதா என்பது மட்டும்தான் என் நினைப்பு. ஏப்ரலில் தொண்ணூற்று மூன்று. மே கடைசியில் தொண்ணூற்றொன்று புள்ளி இரண்டு.

ஜூன் முதல் வாரம் கெசியா ரத்தமாக வாந்தி எடுத்தாள். மதுரையில் பத்து நாள் வைத்திருந்தார்கள். அந்தத் திங்கட்கிழமை ஆஸ்பத்திரி மிஷினில் ஏறினேன், அதே தொண்ணூற்றொன்று புள்ளி இரண்டு. ஒரு வாரம் இறங்காமல் இருப்பது சாதாரணம்தான். ஆனால் எனக்கு அன்றைக்கு யார் மேலாவது விழுந்து பிறாண்ட வேண்டும்போல இருந்தது. பெனட் பக்கத்தில் நின்று, "ஜெபம் பண்ணுவோம் ஹெப்சி" என்றார்.

"எடை என் பாடு. ஜெபம் உங்க பாடு. அதையாவது உருப்படியா பண்ணுங்க" என்றேன்.

சரி என்பதுபோல் அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அதற்குப் பிறகு புள்ளி இறங்கவில்லை. ஜூன் முழுக்க ஒரே கோடு. ஜூலையில் நூறு கிராம் ஏறியது. ஆகஸ்டில் தொண்ணூற்றொன்று புள்ளி ஒன்பது. கெசியா புள்ளி வைக்கும்போது கை நடுங்கியதால் கோணலாகப் போகிறது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். டாக்டர் நப்பின்னை சில்லைச் சோதித்தார், சரியாக இருந்தது. பெனட்டின் எடையைப் பார்த்தார், அறுபத்தெட்டு, சரியாக இருந்தது. ரத்தமும் சரி.

சரியில்லாமல் எனக்குப் பட்டது ஒன்றே ஒன்று. வெள்ளிக்கிழமை தோறும், ஆகஸ்டில் புதன்கிழமையும், அவர் தலையில் எண்ணெய் பளபளக்க, முகம் கழுவிப் பவுடர் போட்டு, படிய வாரி வேலைக்குக் கிளம்பினார். மற்ற நாளெல்லாம் ஏனோதானோ என்று போகிறவர். பிள்ளை இப்படிக் கிடக்கும்போது இந்த மனுஷனுக்கு அலங்காரம் கேட்கிறதே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டை மூன்று அடுக்கு டிபனில் போட்டுக் கொடுத்தேன். சாயங்காலம் காலியாக வந்தது.

செப்டம்பர் முதல் வாரம் டாக்டர் ஒரு தாளை அவர் முன்னால் நகர்த்தினார்.

"சார், உங்க பக்கத்து ரீடிங்கைத் திறந்து பாக்கணும். உங்களுக்கு விருப்பம் இல்லன்னா கையெழுத்துப் போட வேண்டாம்."

எங்கள் அலுவலகத்தில் ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் முன்பின் தெரியாதவன் பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவான். பெனட் பேனாவைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு போட்டார்.

திரையில் ஒரு நீலக் கோடு ஓடியது. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே எல்லாம் மேடும் சரிவுமாக, ஒரு நாளுக்கு மூன்று மேடு. ஜூனில் ஒரு பள்ளம். ஏழு நாள் கழித்து இன்னொரு பள்ளம். போகப் போகப் பள்ளம் ஆழமாகியது. ஆகஸ்டில் வாரத்துக்கு இரண்டு. முதல் பள்ளத்தின் தேதியைப் பார்த்தேன். பிறகு கண்ணை எடுத்துவிட்டேன்.

"வெள்ளிக்கிழமை என்ன நடக்குது சார்?" என்றார் டாக்டர்.

"உபவாசம்."

"யாருக்காக?"

"பிள்ளைக்காக. இவ எடை இறங்கணும்னு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "எங்ககிட்ட சொல்லலையே?"

"சொன்னா அது உபவாசம் இல்ல டாக்டர்."

டாக்டருக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. உபவாசம் இருக்கிறவன் வாடிய முகத்தை ஊருக்குக் காட்டக் கூடாது, தலைக்கு எண்ணெய் வைத்து முகம் கழுவி, சாப்பிட்டவனைப் போலவே நடமாட வேண்டும், மனுஷருக்குத் தெரிந்துவிட்டால் மேலே போகாது என்று ஞாயிறு பள்ளியில் நானும்தான் படித்திருக்கிறேன். பத்து வெள்ளிக்கிழமைக்கு மேல் அந்த எண்ணெய்த் தலையைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது உறைக்கவே இல்லை.

"முதல்ல மத்தியானம் மட்டும்தான் விட்டேன்" என்றார் பெனட். "சோத்த சப்ஸ்டேஷன் வாச்மேனுக்குக் குடுத்துருவேன். எடை நின்னுபோச்சுல்லா, அதான் காலைப் பலகாரத்தையும் கட்டி எடுத்துட்டுப் போய் முழு நாளா ஆக்குனேன். அப்பவும் அசையல. சரி, நம்ம இன்னும் இறங்கிக் கேக்கணும்னு புதனையும் சேத்துக்கிட்டேன். ராத்திரி நல்லா சாப்ட்டு ஈடு கட்டிட்டேன் டாக்டர். வயித்துக்கு எத்தனை வேளைங்கிறதா கணக்கு? மொத்தம்தானேன்னு நெனச்சேன்."

எடை நிற்க நிற்க அவர் பட்டினி கிடந்திருக்கிறார். அவர் பட்டினி கிடக்கக் கிடக்க எடை நின்றிருக்கிறது.

"மூளை மொத்தக் கணக்கு பாக்காது சார்" என்றார் டாக்டர். "ஆறு நாள் ஒண்ணு சொல்லிட்டு ஏழாம் நாள் மாத்திச் சொல்ற சாட்சியை எந்த ஜட்ஜ் நம்புவார்? மறுபடியும் பஞ்சம் வந்திருச்சுன்னு கதவைப் பூட்டியிருக்கும்." பெனட்டின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். "ஆனா இதுதான் காரணம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். தானா நின்னுபோற கேசும் இருக்கு. இன்னையில இருந்து ஒரு வேளை தவறாம சாப்பிடுங்க. ஆறு வாரத்துல எடை இறங்கினா இதுதான் காரணம். இறங்கலன்னா இது இல்ல."

கெசியாவிடம் ஆறு வாரம் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

வெளியே வராந்தாவில் ஆட்கள் பார்க்கப் பார்க்கக் கத்தினேன். "ஆண்டவருக்குக் குடுத்த சோத்த எம்பிள்ளைக்குக் குடுத்திருக்கலாம்லா? அவரு கேட்டாரா உம்மகிட்ட, எனக்குப் பசிக்குதுன்னு?" கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் அவரை நான் மரியாதை குறைத்து 'உம்ம' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் நேரே கேண்டீனுக்குப் போய் ஆறு இட்லி வாங்கினார். கண்ணீர் சாம்பாரில் விழ விழ ஆறையும் தின்றார். நான் எதிரே நின்று எண்ணினேன்.

பதினாறாம் நாள் கெசியா இறந்துபோனாள். காலை பத்து மணி, நல்ல வெயில். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த கையை விட்டுவிட்டு இன்னொரு கையால் என் வயிற்றைத் தொட்டு, "எவ்வளவும்மா?" என்றாள். "தொண்ணூறு மக்கா, இறங்க ஆரம்பிச்சிட்டு" என்றேன். அது உண்மை. அவளுக்கு அது கேட்டதா என்று தெரியவில்லை.

துக்க வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று சபையார் ஒரு வாரம் சாப்பாடு கொண்டுவந்தார்கள். பெனட் எல்லாவற்றையும் சாப்பிட்டார். சாம்பார் சாதம், தயிர் சாதம், பழம், கொண்டுவந்தவர்கள் போவதற்குள் பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்துவிடலாம் என்கிற வேகத்தில். "பிள்ளையப் பறிகொடுத்த மனுஷனுக்கு எப்படித்தான் இறங்குதோ" என்று ஒருத்தி அடுப்படியில் சொன்னாள். அவர் பசிக்குச் சாப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும். ஆறு வாரம் என்று டாக்டர் சொன்னதை அவர் விடவில்லை. அவருக்குப் பதில் தெரிய வேண்டும். தான் கொன்றோமா இல்லையா என்று தெரிய வேண்டும்.

திங்கட்கிழமை தோறும் கதவுக்கு வெளியே வந்து நின்றார்.

"எவ்வளவு ஹெப்சி?"

"ஆறு வாரம் முடியட்டும்."

நான் இரக்கப்பட்டுச் சொல்லவில்லை. சேர்த்து வைத்தேன். தொண்ணூறு. எண்பத்தொன்பது புள்ளி நான்கு. எண்பத்தெட்டு புள்ளி ஏழு. ஒவ்வொரு எண்ணையும் பல்லுக்குள் வைத்துக்கொண்டேன். ஆறாவது திங்கட்கிழமை ஒரேயடியாக அவர் முகத்தில் எறிய வேண்டும், எறிந்துவிட்டு அவர் எப்படி உடைகிறார் என்று பார்க்க வேண்டும். அப்போதுதான் எனக்கு மூச்சு விட முடியும் என்று இருந்தது.

ஆறாவது திங்கட்கிழமை சங்கிலியைக் கழற்றினேன். ஊசிகளை எடுத்தேன். மூச்சை விட்டேன். எண்பத்தேழு புள்ளி எட்டு.

இறங்கி அங்கேயே உட்கார்ந்து அழுதேன். சிவப்புக் கோட்டுக்குக் கீழே நான் வந்துவிட்டேன், புள்ளி வைக்க ஆள் இல்லை.

வெளியே வந்தேன். பெனட் மேசையில் இருந்தார். எதிரே ஐந்து தோசை. உபவாசத்தை விட்டதிலிருந்து அவர் தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை, முடி காய்ந்து நின்றது. ஃப்ரிட்ஜில் அந்தத் தாள் அப்படியே இருந்தது. பக்கத்தில் கெசியாவின் பென்சிலைச் சீவி வைத்திருந்தார்.

"ஆறு வாரம் ஆச்சு" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அப்போது அந்தத் தேதி நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்தது என்ன, ஒரு நாளும் மறக்கவில்லை. திரையில் இருந்த முதல் பள்ளம் ஜூன் பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை. அதற்கு நான்கு நாள் முன்னால், திங்கட்கிழமை, ஆஸ்பத்திரி மிஷினுக்குப் பக்கத்தில் நின்று, ஜெபம் உங்கள் பாடு, அதையாவது உருப்படியாகப் பண்ணுங்கள் என்று சொன்னது யார்? அவர் அதை இதுவரை ஒரு தடவைகூட என்னிடம் சொல்லிக் காட்டவில்லை. டாக்டர் முன்னால் சொல்லவில்லை, வராந்தாவில் அத்தனை பேர் பார்க்க நான் கத்தியபோதும் சொல்லவில்லை.

"தொண்ணூத்தொண்ணு புள்ளி ஒம்பது" என்றேன். "அசையவே இல்ல அத்தான்."

அவர் என்னையே பார்த்தார்.

"நடுவுல ரெண்டு கிலோ போச்சு, திரும்ப வந்துட்டு. நீங்க சாப்ட்டிருந்தாலும் இப்படித்தான் நின்னுருக்கும். உங்களால இல்ல."

அவர் தோசைத் தட்டைத் தள்ளி வைத்தார். மேசையில் தலையைச் சாய்த்து, பிள்ளை போன பிறகு முதன்முறையாகச் சத்தம் போட்டு அழுதார். பிறகு பென்சிலை எடுத்துப் போய், நான் சொன்ன எண்ணுக்கு நேராக ஒரு புள்ளி வைத்தார்.

அன்றைக்கு மத்தியானம் அலுவலகத்திலிருந்து டாக்டர் நப்பின்னைக்குப் போன் செய்தேன். எடையைச் சொன்னேன்.

"அவரு கேட்டா, இறங்கலன்னு சொல்லுங்க டாக்டர்."

"பொய் சொல்ல எனக்கு வராது ஹெப்சிபா" என்றார். "ஆனா உங்க எடையும் உங்க சொந்த விஷயம்தான். உங்க கையெழுத்து இல்லாம நான் யாருக்கும் காட்ட முடியாது."

போன மாதம் சில்லுகளை எடுத்துவிட்டார்கள். பெனட் பழையபடி கொஞ்சமாகச் சாப்பிடுகிறார். வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைக்கிறார், நான் கேட்பதில்லை. எனக்கு எடை நிற்கவில்லை. யாருடைய சாட்சியும் இல்லாமல், சோறு பிடிக்காமலேயே இறங்குகிறது. எண்பத்தைந்து. எண்பத்து நான்கு. ரவிக்கையைப் பிடித்துத் தைக்கக் கொடுக்காமல் உள்ளே துணி மடித்து வைத்துக்கொள்கிறேன். சேலைக்குள் இரண்டு பாவாடை, சில நாள் மூன்று. கார்த்திகை மழையிலும் வியர்க்கிறது.

இன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது பெனட் வாசலில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உனக்கு உடம்பு அப்படியேதான் இருக்கு ஹெப்சி" என்றார்.

"ஆமா அத்தான்" என்றேன்.